முத்துப்பிள்ளையும் உப்பு நீரும்: கர்ப்பத்தையும் புற்றுநோயையும் காட்டிக்கொடுக்கும் ரத்த அடையாளங்கள்

பனியன் கம்பெனிக்கு ஒரு லாட் துணி வந்தால் அதை முழுவதும் பிரித்துப் பார்ப்பதில்லை. வட்டமாக ஒரு சிறு துண்டை வெட்டி எடை போட்டு ஜி.எஸ்.எம். என்னவென்று பார்க்கிறார்கள். இன்னொரு துண்டைத் துவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்தச் சிறு துண்டு முழு லாட்டைப் பற்றியும் பேசிவிடும். மனித உடலுக்கும் அப்படித் துண்டு வெட்டிப் பார்க்கும் வழிகள் உண்டு. ரத்தத்தில், சிறுநீரில், சில நேரம் உமிழ்நீரில் கலந்திருக்கும் ஒரு புரதமோ ஹார்மோனோ மரபணுத் துணுக்கோ உள்ளே நடப்பதை வெளியே சொல்லிவிடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் பயோமார்க்கர் என்கிறார்கள். உயிர்க்குறியீடு என்று தமிழில் எழுதுகிறார்கள். நாம் அடையாளம் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் லேப் அறிக்கையோடு வந்து நிற்பவர்கள் இப்போது அதிகம். "ஹஜ்ரத், இதுல கேன்சர்னு போட்டிருக்கா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தாளில் அப்படி எதுவும் இருக்காது. மீதிப் பேரில் சிலர், உடனே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய அறிக்கையை ஓதிப் பார்க்கக் கொண்டு வந்திருப்பார்கள். ஓதிப் பார்ப்பது நபிவழியில் உள்ளதுதான். மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கிராமத்து அரபிகளுக்குச் சொன்னதும் உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும் என்று எந்த ஆலிமும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். கர்ப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே தலைப்பில் வைப்பது சிலருக்கு அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவ ஆய்வில் இவை இரண்டும் கடந்த நூறு ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகவே இருந்து வருகின்றன. ஒன்றைப் படித்தவர்களுக்கு மற்றதன் கதவு திறந்திருக்கிறது.

முத்துப்பிள்ளை

நாள் தள்ளிப் போனதும் மருந்துக்கடையில் வாங்கும் அட்டையில் இரண்டு கோடு விழுகிறதே, அதை விழச் செய்வது ஹெச்.சி.ஜி. என்னும் ஹார்மோன். கரு கருப்பையில் பதிந்தவுடன், பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறவிருக்கும் செல்கள் இதைச் சுரக்கின்றன. அட்டை வருவதற்கு முன், 1927இல் பெர்லினில் இருவர் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அதன் சூலகத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துக் கர்ப்பத்தைக் கண்டறிந்தார்கள். அந்த எலிக்குத் தெரிந்ததும் இதே ஹார்மோன்தான்.

இரண்டு கோடு விழுந்துவிட்டால் வீட்டில் இனிப்பு வந்துவிடும். ஆனால் ஹெச்.சி.ஜி. குழந்தையின் அடையாளம் அல்ல, நஞ்சுக்கொடிச் செல்களின் அடையாளம். இந்த வேறுபாடு எங்கே முக்கியமாகிறது என்றால், முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில். நம் பாட்டிமார் வைத்த பெயர் இது. குழந்தை உருவாக வேண்டிய இடத்தில் நஞ்சுக்கொடித் திசு மட்டும் தறிகெட்டு வளர்ந்து, திராட்சைக் குலை போல, ஜவ்வரிசி முத்துகள் போல நீர்க் கொப்புளங்களாகக் கருப்பையை நிரப்பிவிடும். அரபு மருத்துவ நூல்களில் இதற்கு 'ரஹா' என்று பெயர், திருகைக் கல் என்று பொருள். லத்தீனிலிருந்து வந்த பெயருக்கும் அதே பொருள்தான்.

முழு முத்துப்பிள்ளையில் 46 குரோமோசோம்கள் இருக்கும், ஆனால் அத்தனையும் தந்தையுடையவை. தாயின் பங்கு இல்லாத முட்டையில் இது உருவாகிறது. குழந்தையின் உடல் எதுவும் இருக்காது. பகுதி முத்துப்பிள்ளை வேறு. அதில் தாயின் பங்கோடு தந்தையின் பங்கு இருமடங்காகச் சேர்ந்து, குறைபட்ட கருவும் சில நேரம் காணப்படும். இதில் கணவனையோ மனைவியையோ குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கண்ணேறு, செய்வினை என்று மாமியார் வீடும் தாய் வீடும் சண்டை போட வேண்டியதும் இல்லை.

மாதக் கணக்குக்கு மீறி வயிறு பெருத்திருத்தல், அளவுக்கு மிஞ்சிய வாந்தி, இடையிடையே ரத்தப்போக்கு ஆகியவை இதன் அறிகுறிகள். ஸ்கேனில் தெரிந்துவிடும். ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. மிக உயர்ந்து நிற்கும். மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்வார்கள். பெரும்பாலோருக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றில் 15 முதல் 20 பேருக்குக் கருப்பையில் எஞ்சிய செல்கள் மறுபடி வளரத் தொடங்குகின்றன. அவற்றில் சில கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோயாக மாறி நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவக்கூடியவை. இந்த மறு வளர்ச்சியை ஸ்கேன் காட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது ஹெச்.சி.ஜி. எண்தான். வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, எண் இறங்கிக்கொண்டே போய் இயல்புநிலைக்கு வர வேண்டும். அதன் பிறகும் சில மாதம் மாதமொரு முறை பார்ப்பார்கள்.

இங்கேதான் நம் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. "சுத்தம் பண்ணியாச்சு, ரத்தப்போக்கும் நின்னுபோச்சு, இனி எதுக்கு வாராவாரம் ஊசி குத்திக்கிட்டு" என்று மூன்றாவது வாரமே நிறுத்திவிடுகிறார்கள். அரை நாள் லீவு போட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறையும் என்ற கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்குப் புரியாதது அல்ல. ஆனால் இந்த ஊசியை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு உலகம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்துப் பதில் கண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

சீனாவில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மின் சியூ லீ என்ற மருத்துவர், 1956இல் அங்குள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கோரியோகார்சினோமா முற்றிய பெண்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைக் கொடுத்தார். கட்டிகள் கரைந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாகிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் மருந்தை நிறுத்தியிருப்பார்கள். லீ நிறுத்தவில்லை. ஹெச்.சி.ஜி. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது பூஜ்யம் ஆகும்வரை கொடுப்பேன் என்றார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு, ஓர் எண்ணை நம்பி, கடுமையான மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது நோயாளிகளை வதைப்பது என்று மேலிடம் கருதியது. அவர் வேலையை இழந்தார். பின்னால்தான் தெரிந்தது, மருந்தை முன்னதாக நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. லீயின் வழியில் எண் இறங்கும்வரை மருந்து பெற்றவர்கள் பிழைத்தார்கள். பரவிவிட்ட ஒரு புற்றுநோய் மருந்தால் மட்டுமே முற்றாகக் குணமானது அப்போதுதான். 1972இல் லாஸ்கர் விருது அவரைத் தேடி வந்தது.

அந்த மருந்தின் வேர் நம் மண்ணிலும் இருக்கிறது. எல்லப்பிரகத சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவைசிகிச்சை வகுப்பில் கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தார். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில்தான் மெத்தோட்ரெக்ஸேட் பிறந்தது. 1948இல் இறந்துபோனார். தன் கூடத்து மருந்து தாய்மார்களை இப்படிக் காப்பாற்றியதை அவர் பார்க்கவில்லை.

இன்று தொடக்கத்திலேயே கண்டறியப்படும் இந்த வகை நோய் ஏறத்தாழ முழுவதும் குணமாகிறது. கருப்பையையும் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த கர்ப்பம் பெரும்பாலும் நல்லபடியே அமைகிறது. மீண்டும் முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டுதான்.

மார்க்கச் சட்டத்தில் இதன் இடம்

இதுபற்றி மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, இதை எடுத்தால் கருக்கலைப்பு ஆகுமா? முழு முத்துப்பிள்ளையில் கலைப்பதற்குக் கரு என்று ஒன்றே இல்லை. அது நோய்த் திசு, அதை எடுப்பது சிகிச்சை. பகுதி முத்துப்பிள்ளையில் கருவின் அடையாளம் இருந்தாலும் அது பிழைத்துப் பிறக்கக்கூடியது அல்ல, தாய்க்கோ ஆபத்து. தாய் வேர், கரு கிளை என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் நிலைத்த வாதம். மருத்துவரின் அறிக்கையோடு ஆலிமைக் கலந்துகொள்ளுங்கள், ஆனால் கலந்துகொள்வதற்காக நாளைக் கடத்த வேண்டாம்.

இரண்டாவது, எடுத்த பின் வரும் ரத்தம் நிஃபாஸா? திருப்பூரில் ஹனஃபிகளும், கடற்கரை ஊர்களிலிருந்து பிழைக்க வந்த ஷாஃபியீகளும் ஒரே தெருவில் இருக்கிறோம், எனவே இரண்டையும் சொல்ல வேண்டும். ஹனஃபி மத்ஹபில் விரல், நகம், முடி போல மனித உறுப்பின் ஏதேனும் ஓர் அடையாளம் தெரிந்தால்தான் நிஃபாஸ். இல்லையென்றால், முன்னர் பதினைந்து நாள் சுத்தம் இருந்து மூன்று நாளுக்குக் குறையாமல் ரத்தம் வந்தால் அது மாதவிடாய்க் கணக்கு. அதற்கும் பொருந்தாவிட்டால் இஸ்திஹாளா, தொழுகை கடமையாகவே இருக்கும். ஷாஃபியீ மத்ஹபில், வெளியானது மனிதப் படைப்பின் தொடக்கம் என்று தாதிகள் சாட்சி சொன்னால் அது நிஃபாஸ். இன்றைக்கு அந்தத் தாதியின் சாட்சியத்தைச் சொல்வது பத்தாலஜி அறிக்கை. முழு முத்துப்பிள்ளையா, பகுதியா என்று அதில் எழுதியிருக்கும். சட்டம் கேட்க வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை நடக்கும் மாதங்களில் கர்ப்பம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்கிறாரே? புதுக் கர்ப்பம் வந்தால் ஹெச்.சி.ஜி. ஏறும், அது நோயின் ஏற்றமா, குழந்தையின் ஏற்றமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். காரணம் அவ்வளவுதான். நபித்தோழர்கள் அஸ்ல் செய்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை வைத்து, இருவர் சம்மதத்தோடு தற்காலிகத் தடுப்புக்கு அறிஞர்கள் அனுமதி சொல்கிறார்கள். இங்கே மருத்துவத் தேவையும் சேர்ந்திருக்கிறது.

உப்பு நீர்

கர்ப்பிணிக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறுவதை நம் பக்கம் 'உப்பு போகுது', 'உப்பு நீர்' என்கிறார்கள். அது உப்பு அல்ல. புரதம், அதிலும் பெரும்பாலும் அல்புமின். பெயர் குழப்பியதால் பல வீடுகளில் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டு, சரியாகிவிடும் என்று காத்திருக்கிறார்கள். உப்பைக் குறைப்பதால் இந்த நோய் நிற்பதில்லை.

20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதமும் வந்தால் பிரீஎக்லாம்ப்சியா. புரதம் இல்லாமலே சிறுநீரகம், கல்லீரல், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்பட்டாலும் அப்படியே கணக்கு. முற்றினால் வலிப்பு வரும், அதுதான் பழைய ஆட்கள் சொல்லும் பிரசவ ஜன்னி. பேய் பிடித்தது என்று நினைத்து நேரம் கடத்திய ஜன்னிகள் எத்தனையோ. உலக அளவில் நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்தச் சிக்கலைச் சந்திக்கின்றன. முதல் கர்ப்பம், இரட்டைக் குழந்தை, முன்பே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரக நோய், தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருத்தல், உடல் பருமன் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. 20 வாரத்துக்கு முன்பே இந்த நிலை தென்பட்டால், முத்துப்பிள்ளையாக இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிப்பார். காரணம், இரண்டுக்கும் மூலம் நஞ்சுக்கொடிதான். நஞ்சுக்கொடி வெளியே வந்தபின்தான் நோய் தணியத் தொடங்கும்.

நஞ்சுக்கொடி அப்படி என்ன செய்கிறது? இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் சென்னையில் மருத்துவம் படித்து அமெரிக்காவின் பாஸ்டனில் சிறுநீரக மருத்துவராக இருந்த அனந்த் கருமாஞ்சி. அவர் நஞ்சுக்கொடியில் எந்த மரபணு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று தேடினார். எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதம் அகப்பட்டது. அதே பாஸ்டன் நகரில்தான் ஜூடா ஃபோக்மன், 1971இல், புற்றுக்கட்டி புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துத்தான் வளர்கிறது, குழாயைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்ற கருத்தை எழுதியிருந்தார். ரத்தக்குழாயை வளர்க்கும் புரதத்தின் பெயர் வி.இ.ஜி.எஃப். அதைத் தடுக்கும் பெவாசிஸுமாப் என்ற மருந்து 2004இல் குடல் புற்றுநோய்க்கு அங்கே அனுமதி பெற்றது. அந்த மருந்து பெற்ற நோயாளிகளுக்கு ஒரு பக்க விளைவு தென்பட்டது: ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. ஆணுக்கும் போனது, வயதானவருக்கும் போனது.

கர்ப்பமே இல்லாதவர்களுக்குக் கர்ப்பிணியின் நோய் போன்ற ஒன்று! எஸ்.எஃப்.எல்.டி-1 செய்யும் வேலையும் அதேதான். அது ரத்தத்தில் சுற்றிவந்து, வி.இ.ஜி.எஃப். புரதத்தையும் நஞ்சுக்கொடிக்கே உரிய பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிப் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. தாயின் ரத்தக்குழாய் உட்சுவர் தன் உணவை இழந்து வாடுகிறது. சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிறது. 2003இல் கருமாஞ்சி குழு கர்ப்பிணி எலிகளுக்கு இந்தப் புரதத்தை ஏற்றியபோது அவற்றுக்கு ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் வந்தன. 2004இல் வந்த இன்னோர் ஆய்வு, நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ 5 வாரம் முன்பே எஸ்.எஃப்.எல்.டி-1 ரத்தத்தில் ஏறத் தொடங்குவதைக் காட்டியது.

இன்றைய பரிசோதனை இந்த இரண்டு புரதங்களின் விகிதம். சந்தேகத்துக்கு இடமான கர்ப்பிணியிடம் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வெளிப்படாது என்பதை 99 விழுக்காட்டுக்கு மேல் நம்பலாம் என்று 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு சொன்னது. 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த வகைப் பரிசோதனை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. யாரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிக்க இது உதவுகிறது. நோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல இது.

நம் ஊர்க் கர்ப்பிணிக்கு முதலில் தேவை இந்த விலை கூடிய பரிசோதனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரில் ஒரு பட்டையை முக்கிப் பார்ப்பதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் ஒன்றரை ஷிஃப்ட் உட்கார்ந்துவிட்டு வரும் பெண்ணுக்குக் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் முகமும் கையும் வீங்கினால், மோதிரம் கழற்ற முடியாமல் போனால், மாத்திரைக்கு அடங்காத தலைவலி இருந்தால், கண் மங்கினால், வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தால், அன்றைக்கே போக வேண்டும். 160/110 என்பது ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டிய எண். பிரசவமாகி வீட்டுக்கு வந்தபின்னும் ஆறு வாரம் வரை இது வரக்கூடும். நாற்பது நாள் கணக்கில் வெளியே கிளம்பக் கூடாது என்று தடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிஃபாஸ் என்பது தொழுகைக்கு விடுப்பு, மருத்துவமனைக்குத் தடை அல்ல.

வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு முன்னதாகவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்ததில், மாதம் நிறைவதற்கு முன் வரும் பிரீஎக்லாம்ப்சியா 62 விழுக்காடு குறைந்தது. அந்த ஆபத்தைக் கணிக்கும் கணக்கில் பி.எல்.ஜி.எஃப். அளவும் ஒன்று. மருத்துவர் எழுதாமல் யாரும் வாங்கிப் போடக்கூடாது. எழுதினால், சாதாரண மாத்திரைதானே என்று விடவும் கூடாது. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி இருக்கிறது. அது வலிப்பு வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002இல் உறுதியானது. மலிவான மருந்து, ஆனால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

ரமளானில் கேட்பார்கள் என்பதால்: தனக்கோ குழந்தைக்கோ கேடு அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட அனுமதி உண்டு. பின்னர் களாச் செய்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹப். குழந்தையை மட்டும் எண்ணி விட்டிருந்தால் ஃபித்யாவும் சேரும் என்பது ஷாஃபியீ மத்ஹப். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது.

தாயின் ரத்தத்தில் குழந்தையின் எழுத்து

டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் மருத்துவர் 1997இல் வெளியிட்ட கண்டுபிடிப்பும் புற்றுநோயிலிருந்து வந்ததுதான். புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள் நோயாளியின் ரத்தத்தில் மிதப்பதாக முந்தைய ஆண்டில் வந்த கட்டுரைகளைப் படித்தார். கட்டி தன் எழுத்தை ரத்தத்தில் விடுகிறதென்றால், அதைவிடப் பெரிதாக வளரும் குழந்தை விடாதா என்று யோசித்தார். விட்டிருந்தது. அதிலிருந்து வந்ததுதான் என்.ஐ.பி.டி. என்ற பரிசோதனை. தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறை இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கலாம். இது வடிகட்டும் சோதனை மட்டுமே, முடிவான தீர்ப்பு அல்ல. பாலினம் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். அறியாமைக் காலத்துப் பெண்சிசுக் கொலையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பரிசோதனை சில நேரம் எதிர்த் திசையில் திரும்பி, குழந்தையைப் பார்க்கப் போய்த் தாயின் நோயைக் காட்டுகிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், விளங்காத முடிவு வந்த 107 தாய்மாரை முழுமையாகப் பரிசோதித்ததில் 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. பலருக்கு அறிகுறியே இல்லை. இப்படிக் குழப்பமான முடிவு வருவது மிக அரிது. வந்தால், 'லேப் தப்பாகச் செய்துவிட்டான்' என்று கிழித்துப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேக்கேஜ் வியாபாரம்

இனி என் மனதில் இருக்கும் குறையைச் சொல்கிறேன். 'ஃபுல் பாடி செக்கப்' என்று கூவி விற்கும் பேக்கேஜ்களில் சி.ஏ-125, சி.இ.ஏ., ஏ.எஃப்.பி. என்று புற்றுநோய் அடையாளங்கள் சிலவற்றைச் சேர்த்துவிடுகிறார்கள். கம்பெனி போனஸ் வந்த வாரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு எண் சிவப்பில் வந்துவிட்டால் குடும்பமே தூங்குவதில்லை.

சி.ஏ-125 சூலகப் புற்றுநோயில் ஏறும். மாதவிடாயிலும் ஏறும், கர்ப்பத்திலும் ஏறும், எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும், வயிற்றுக் காசநோயிலும் ஏறும். ஏ.எஃப்.பி. கல்லீரல் புற்றின் அடையாளம். கர்ப்பிணியிடம் இயல்பாகவே உயர்ந்திருக்கும். ஹெச்.சி.ஜி.யோ விரைப் புற்றுநோய் உள்ள சில ஆண்களிடமும் தென்படும். அடையாளம் ஒன்று, சொந்தக்காரர் பலர். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல ஆண்டு நடந்த ஆய்வு, சி.ஏ-125ஐயும் ஸ்கேனையும் கொண்டு நலமான பெண்களைச் சலித்துப் பார்ப்பதால் சூலகப் புற்று மரணம் குறையவில்லை என்று 2021இல் முடிவு சொன்னது. நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இந்த எண்கள் மிக உதவும். நோயே இல்லாதவர் மீது எறிந்தால் பயத்தைத்தான் பிடித்து வரும்.

அதே பணத்தில், அல்லது பணமே இல்லாமல், பலன் உறுதியான வேறொன்று நம் பக்கத்து மாவட்டத்தில் நிரூபிக்கப்பட்டது. தாராபுரம் தாண்டி ஒட்டன்சத்திரம் போனால் அம்பிளிக்கை. அங்குள்ள சமூக சுகாதார மையத்தின் பங்கோடு திண்டுக்கல் மாவட்டத்தின் 114 பஞ்சாயத்துப் பகுதிகளில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த வினிகர் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வெளுத்துத் தெரியும் இடம் சந்தேகத்துக்குரியது, அன்றே சிகிச்சை. 2007இல் முடிவு வந்தபோது, இப்படிப் பார்க்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றால் ஏற்படும் மரணம் 35 விழுக்காடு குறைந்திருந்தது. நம் உறவுக்காரப் பெண்கள் வாழும் கிராமங்களில் கிடைத்த முடிவு இது. இன்று இதற்கும் மூலக்கூறு அளவிலான அடையாளம் வந்துவிட்டது: ஹெச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை. தமிழக அரசு 2023இல் ஈரோடு உள்ளிட்ட சில மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனையை வீடு வீடாக அழைத்துச் செய்யத் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவரோ செவிலியரோதான் பார்ப்பார்கள், கேட்டுக்கொள்ளலாம். வெட்கத்தை முன்வைத்துத் தள்ளிப்போடுவோர், தேவைக்கு மருத்துவர் பார்ப்பதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை என்பதை அறிய வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இந்தியப் பெண்களின் கட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை வெளிநாட்டுத் தரவை வைத்தே ஊகித்துவந்தார்கள். அரியானாவின் குருகிராமில் 2015 முதல் நடக்கும் கர்பினி ஆய்வு, குறைமாதப் பிரசவத்தின் அடையாளங்களை நம் நாட்டுத் தாய்மாரிடமே தேடுகிறது. இவற்றின் பலன் நம் ஊர் மருத்துவமனைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது.

கோப்பு

திருப்பூர்ப் பெண்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல். வேலை இங்கே, தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதம் பஸ் ஏறி ராமநாதபுரமோ மதுரையோ திண்டுக்கல்லோ போய்விடுகிறார்கள், அறிக்கைகள் இங்கே பீரோவில் கிடக்கின்றன. பிரீஎக்லாம்ப்சியா தலைகாட்டும் காலமும் பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று மாதம்தான். அங்கே பார்க்கும் மருத்துவருக்கு, மூன்றாம் மாதத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போதைய ஏற்றம் புரியும். கர்ப்பப் பதிவு எண், ஒவ்வொரு மாத அழுத்தம், சிறுநீர் முடிவு, முதல் ஸ்கேன் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, போட்டோவும் எடுத்து கணவர் போனிலும் தாயார் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு எண் இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் வழி.

ஹெச்.சி.ஜி. தொடர் சோதனையில் இருப்பவர் முடிந்தவரை ஒரே லேபில் எடுக்க வேண்டும். லேபுக்கு லேப் கிட் வேறு, எண்ணும் சற்று வேறுபடும். இறங்குகிறதா ஏறுகிறதா என்பதுதான் இங்கே முழு விஷயமும். ஊர் மாற வேண்டியிருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லி, அந்த ஊரில் எங்கே எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், சராசரிக் கூலியோடு. கர்ப்பத்தால் வந்த நோய்க்கு மேலும் ஒரு மாதம் வரை உண்டு. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்கள் தங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்று கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் முந்தைய பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கோடு விழுந்தபின் சேர்ந்து அந்த 70 நாளைப் பிடிப்பது பலருக்கு முடிவதில்லை.